ஊவா மலைகளில் எழுதப்படுவது உலகின் கண்ணிற் படுவது எப்படி?

எழுதுவது ஒரு பணி. எழுதியது தேடுவோர் கையிற் சேர்வது பிறிதொரு பணி. அச்சு யந்திரமே துணையாயிருந்த காலத்தில் இவ்விரண்டாவது பணியைப் பத்திரிகைக் காரியாலயமும் புத்தகசாலையும் தபாற்காரரும் ஏற்றிருந்தனர். இன்றோ கைத்தொலைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் எழுத்தாளர், ஒவ்வொருவரும் பதிப்பாளர். ஆயினும், இணையத்திற் பதிப்பித்ததை முன்பின் அறியாத வாசகரிடம் கொண்டு சேர்க்கும் தபாற்காரர் பெரும்பாலும் ஒருவரே. அவருக்குத் தேடுபொறி என்று பெயர். அவருக்கு விளங்கும்படி முகவரி எழுதத் தெரியாதவரின் எழுத்து, எத்துணைச் சிறந்ததாயினும், சேர வேண்டிய இடத்தைச் சேர்வதில்லை.

முகவரியின் அருமையை ஊவா மாகாணத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. லயத்தின் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி முகவரி இன்மையால், கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து பல கை மாறிப் பிந்திச் சேர்ந்த கதைகளும், சேராமலே போன கதைகளும் மலையகத்தில் ஏராளம். நேர்முகப் பரீட்சை நடந்து முடிந்த பின் அழைப்புக் கடிதம் கிடைத்தால் ஓர் இளைஞனின் உள்ளம் என்ன பாடுபடும்! அதற்கு ஒப்பான ஓர் இழப்பு இப்போது இணையத்திலும் நேர்ந்து வருகின்றது. அதன் காரணத்தையும் பரிகாரத்தையும் எளிய முறையில் விளக்குவதே நம் நோக்கம்.

கண்ணிற் படுவதும் படாததும்

பதுளை மாவட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சொல்லைத் தேடுபொறியில் இட்டுப் பார்ப்போம். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே 1921 ஆம் ஆண்டில் அமைந்த ஒன்பது வளைவுப் பாலம், 1924 இல் பதுளையை எட்டிய புகையிரதப் பாதை, துன்ஹிந்த நீர்வீழ்ச்சி, தோமஸ் லிப்டன் 1890 இல் வாங்கிய தம்பத்தென்னைத் தோட்டத்துக்கு மேலுள்ள 'லிப்டன் இருக்கை' என்று பக்கம் பக்கமாக விவரங்கள் வந்து குவியும். அவற்றுட் பெரும்பாலானவை இரண்டொரு நாள் தங்கிச் சென்ற உல்லாசப் பிரயாணிகள் எழுதியவை. அவர்கள் எழுதியதிற் குறை ஒன்றுமில்லை. கண்டதை எழுதினார்கள், எழுதியது கண்டெடுக்கப்படும் வகையில் எழுதினார்கள்.

இனி, தமிழில் வேறொன்றைத் தேடிப் பார்ப்போம். பசறைப் பகுதித் தோட்டப் பாடசாலையொன்றின் வரலாறு, மடுல்சீமையில் ஆடப்படும் காமன் கூத்து, லுணுகலையின் கோயில் ஒன்றை எழுப்பியவர்கள் யார் என்பது, நமுனுகலைச் சாரலில் கொழுந்து பறித்தோர் பாடிய பாட்டு முதலியவற்றைத் தேடினால் எத்தனை விடைகள் கிடைக்கின்றன? விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஆனால், எழுதுவோர் இல்லையென்று எவரும் கூற இயலாது. பாடசாலை மலர்களும் கும்பாபிஷேக மலர்களும் வெளிவருகின்றன. இளைஞர் பலர் தத்தம் ஊரைப் பற்றி இணையத்தில் ஆர்வத்தோடு எழுதுகின்றனர். எழுத்து இருக்கின்றது, கண்டெடுக்கும் வழிதான் அடைபட்டிருக்கின்றது.

தேடுபொறி செய்வது யாது?

தேடுபொறியின் வேலை மூன்று படிகளில் நிகழ்கின்றது. முதலாவதாக, 'சிலந்தி' எனப் பெயரிடப்பட்ட கணினி நிரல்கள், ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குச் செல்லும் இணைப்புகளைப் பற்றிக்கொண்டு இணையமெங்கும் ஓயாது ஊர்கின்றன. இரண்டாவதாக, அவை கண்ட பக்கங்களின் சொற்கள் யாவும் ஒரு மாபெரும் ஏட்டிற் பதிவாகின்றன. பாடநூலின் இறுதியில் வரும் சொல்லடைவை மாணாக்கர் அறிவர். இன்ன சொல் இன்ன பக்கத்தில் உள்ளது என்று காட்டும் அப்பட்டியலைப் போன்றதே இதுவும். மூன்றாவதாக, நாம் ஒரு சொல்லைக் கேட்டவுடன், அந்த ஏட்டைப் புரட்டிப் பொருத்தமான பக்கங்களைத் தகுதி வரிசைப்படுத்தித் தருகின்றது.

வரிசைப்படுத்துவதில் ஒரு புதிய நெறியைக் கண்டவர்கள் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணாக்கராயிருந்த லறி பேஜ், சேர்ஜி பிறின் என்னும் இருவர். அறிஞர் ஒருவரின் நூலை ஏனைய அறிஞர் எத்தனை பேர் மேற்கோள் காட்டுகின்றனர் என்பதைக் கொண்டு அதன் மதிப்பை உணர்கின்றோமல்லவா? அவ்வாறே, ஓர் இணையப் பக்கத்தை ஏனைய நல்ல பக்கங்கள் எத்தனை சுட்டுகின்றன என்பதைக் கொண்டு அதன் மதிப்பைக் கணிக்கலாம் என்று அவர்கள் கருதினர். 1998 இல் அவர்கள் நிறுவிய கூகுள் இன்று உலகிற் பெரிதும் வழங்கும் தேடுபொறியாகி விட்டது. இக்காலத்தில் நூற்றுக்கணக்கான குறிப்புகளைக் கொண்டு வரிசை அமைக்கப்படுகின்றதாயினும், அடிப்படை மாறவில்லை. சொல் பொருந்த வேண்டும். பிறர் சுட்ட வேண்டும். வந்தவருக்குப் பயன்பட வேண்டும்.

முதற் தடை: எழுத்துருவம்

நம் எழுத்துகள் மறைந்து கிடப்பதற்கு முதற் காரணம் வியப்பளிப்பது. கண்ணுக்குத் தமிழாகத் தோன்றுவது கணினிக்குத் தமிழன்று! பாமினி முதலிய பழைய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் எழுத்தின் வடிவங்களை ஏற்றி வைத்தவை. அவ்வெழுத்துருவில் 'க' என்று நாம் காண்பது கணினிக்கு 'எஃப்' என்னும் ஆங்கில எழுத்தே. 'ம' என்பது 'கே'. ஆகவே 'மலையகம்' என்று நாம் வாசிக்கும் சொல், பொறியின் ஏட்டில் 'கே, ஐ, வை, ஏ, எஃப், கே, அரைப்புள்ளி' என்று பொருளற்ற ஏழு குறிகளாகப் பதிவாகின்றது. 'மலையகம்' என்று தமிழிற் கேட்பவருக்கு அது எவ்வாறு அகப்படும்?

இக்குழப்பத்தைத் தீர்க்க வந்ததே ஒருங்குறி எனப்படும் யூனிகோட் முறை. 1991 ஆம் ஆண்டில் வெளியான அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. இம்முறையில் உலக மொழிகளின் எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. நம் 'க'வுக்கு 2965 என்பது எண். எந்த நாட்டில், எந்தக் கணினியில் திறந்தாலும் அது 'க' தான். கைத்தொலைபேசியில் தமிழ் விசைப்பலகையைக் கொண்டு எழுதுவோர் தம்மையறியாமலே ஒருங்குறியில் எழுதுகின்றனர். எனினும், அச்சகத்துக்கென்று பழைய எழுத்துருவிற் கோக்கப்பட்ட மலர்களும் கட்டுரைகளும் அப்படியே இணையத்தில் ஏற்றப்படும்போது இத்தடை மீண்டும் தலைகாட்டுகின்றது. அறிந்துகொள்ளும் வழி மிக எளிது. பக்கத்திலுள்ள ஒரு சொல்லைப் பிரதி செய்து தேடற் பெட்டியில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே நின்றால் நன்று. ஆங்கில எழுத்துகளாகச் சிதறினால் மாற்றியாக வேண்டும். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

படமாக ஏற்றப்படும் பக்கங்களுக்கும் ஏறக்குறைய இதே கதி. மலரின் பக்கத்தைப் புகைப்படம் எடுத்து இட்டுவிட்டால் பணி முடிந்தது என்று பலர் எண்ணுகின்றனர். படத்திலுள்ள எழுத்தை வாசிக்கும் திறன் பொறிகளுக்கு வளர்ந்து வருவது உண்மையே. ஆயினும், மங்கிய அச்சையும் மடிந்த தாளையும் அவை பிழையின்றி வாசிக்கும் என்று நம்பி இருத்தல் தகாது. இவ்விடயத்தில் நல்வழி காட்டுவது, இலங்கைத் தமிழர் நூல்களையும் பத்திரிகைகளையும் காத்து வைக்கும் பொருட்டு 2005 இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' என்னும் மின்னூலகம். பழைய ஏடுகளின் பக்கங்களை வருடிப் படமாக வைப்பதோடு, நூலின் பெயர், ஆசிரியர், ஆண்டு, வெளியீட்டாளர் ஆகியவற்றைத் தட்டெழுதி அவற்றின் அருகே வைக்கும் வழக்கம் அங்குண்டு. அந்தச் சில வரிகளே தேடுவோரை நூலின் வாசலுக்கு அழைத்து வருகின்றன. ஆகவே, மலர் முழுவதையும் தட்டெழுத இயலாவிடினும், பொருளடக்கத்தையேனும் தட்டெழுதி உடன் இடுவது நம் பாடசாலைகளுக்கும் கோயிற் சபைகளுக்கும் இயலாத காரியமன்று.

இரண்டாம் தடை: பெயர்கள்

எழுத்து சீரானபின் எழுவது பெயர்ச் சிக்கல். ஊவா மலைகளில் இது மிகப் பெரிது. அப்புத்தளை என்று ஒருவர் எழுத, ஹப்புத்தளை என்று இன்னொருவர் எழுதுகின்றார். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் மண் சரிந்து லயங்களைப் புதைத்த கொஸ்லந்தைத் தோட்டத்தின் பெயரோ மீரியபெத்த, மீரியபெத்தை, மீரியாபெத்தை என்று பல வடிவங்களில் வழங்குகின்றது. அந்நிகழ்ச்சியை இலங்கைப் பத்திரிகைகள் 'மண்சரிவு' என்கின்றன. தமிழ்நாட்டார் 'நிலச்சரிவு' என்றே தேடுவர். நாம் 'தோட்டம்' என்பதை நீலகிரியில் உள்ளோர் 'எஸ்டேட்' என்பர். இவ்வேறுபாடுகளைப் பொறிகள் ஓரளவு இணைத்துக் காண்கின்றன. ஆயினும், ஆங்கிலத்திற் காணும் தேர்ச்சியைத் தமிழிலும் எதிர்பார்த்திருத்தல் கூடாது.

வேறொரு விநோதத்தையும் பாருங்கள். 'லயம்' என்பது மலையகத்தில் நாலைந்து தலைமுறை வாழ்ந்த வரிசை வீடு. ஆனால், ஏனைய தமிழருக்கு அச்சொல் இசையின் காலப் பிரமாணத்தைக் குறிப்பது. 'லயத்தின் கதை' என்று தலைப்பிட்டு ஒருவர் தம் பாட்டனாரின் வாழ்க்கையை எழுதினால், பொறி அதனைச் சங்கீதக் கட்டுரைகளின் நடுவே கொண்டுபோய் நிறுத்தக்கூடும். 'தோட்ட லயன் வீடு', 'பதுளை மாவட்டம்' என்னும் சொற்கள் உடன் வருமாயின் இம்மயக்கம் நேராது.

நம் மக்களின் பெயரே ஒன்றன்று. குடிசன மதிப்பீட்டு அறிக்கைகளில் நெடுங்காலம் 'இந்தியத் தமிழர்'. அரசியல் மேடையில் 'இந்திய வம்சாவளித் தமிழர்'. தம்மைத் தாமே அழைத்துக்கொள்ளும்போது 'மலையகத் தமிழர்'. பழைய கட்டுரைகளில் 'தோட்டத் தொழிலாளர்'. ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு வரலாறும் ஒரு வழக்கும் உண்டு. மலையகத் தமிழர் வருகையின் இருநூறாம் ஆண்டு 2023 இல் நினைவுகூரப்பட்டபோது எழுதப்பட்ட கட்டுரைகளை ஒரு பெயரால் மாத்திரம் தேடும் மாணவன், மற்றப் பெயர்களில் உள்ளவற்றை எளிதில் இழந்துவிடுவான்.

இதற்குச் செய்யத்தக்கது யாது? பெரிதும் வழங்கும் பெயரைத் தலைப்பில் வையுங்கள். பிற வடிவங்களைக் கட்டுரையினுள் ஓரோரிடத்தில், வாசிப்பவருக்கும் பயன்படுமாறு இயல்பாகச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் வழங்கும் தோட்டப் பெயரை ஒருமுறை குறித்துவிடுங்கள். அருகிலுள்ள நகரம், மாவட்டம், ஆண்டு ஆகிய மூன்றையும் விடாது எழுதுங்கள். 'எங்கள் தோட்டத்துத் திருவிழா' என்னும் தலைப்பு எழுதியவருக்கு இனிக்கும். 'எங்கள்' என்பது யாருடையது என்பதைப் பொறி அறியாது. 'பசறைத் தோட்டங்களில் மாசி மாதக் காமன் கூத்து' என்று எழுதினால், தேடுபவர் எவராயினும் கண்டுகொள்வர். படங்களுக்கும் இவ்விதி பொருந்தும். படத்துக்கு இலக்கத்தை மாத்திரம் பெயராக விடாமல், அதில் இருப்பது இன்னது, எடுத்த இடம் இன்னது, ஆண்டு இன்னது என்று ஒரு வரி எழுதுதல் வேண்டும். அவ்வரி கண்பார்வை இழந்தோர்க்கும் உதவும். அவர்களுடைய கருவிகள் அதனை உரக்க வாசித்துக் காட்டும்.

மூன்றாம் தடை: தனிமை

பாதையில்லாத வீட்டுக்கு விருந்தினர் வருவதில்லை. எந்தப் பக்கமும் சுட்டாத பக்கத்துக்குச் சிலந்தியும் எளிதில் வருவதில்லை. நம் எழுத்தாளர் தனித்தனியே எழுதுகின்றனர்; ஒருவரையொருவர் சுட்டுவதில்லை. பண்டாரவளையில் இருப்பவர் வெலிமடையில் இருப்பவரின் கட்டுரையை வாசித்துப் பயன் பெற்றால், தம் கட்டுரையில் அதனைக் குறிப்பிட்டு இணைப்புத் தருவது மரியாதையுமாகும், இருவருக்கும் நன்மையுமாகும். பாடசாலையின் இணையத்தளம் பழைய மாணவரின் கட்டுரையைச் சுட்டலாம். 2005 இல் பதுளையில் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் இன்று பயிலும் நம் மாணாக்கர் இத்தகைய இணைப்புகளை வளர்ப்பதில் முன்னிற்கலாம்.

தமிழ் விக்கிப்பீடியாவையும் ஈண்டுக் குறிப்பிடல் தகும். 2003 இல் அதற்கு வித்திட்டு வளர்த்தவர்களுள் முதன்மையானவர் இலங்கைத் தமிழரான இ. மயூரநாதன். அங்கு எவரும் எழுதலாம். ஆனால், அது விளம்பரப் பலகையன்று. ஆதாரத்தோடு கூடிய செய்தியையே அது ஏற்கும். நம் ஊர்களைப் பற்றி ஆதாரமுள்ள கட்டுரைகள் அங்கு மிகுமாயின், உலகெங்குமிருந்து தேடுவோர் முதலில் அங்கு வந்து, பின் ஏனைய எழுத்துகளையும் நாடுவர்.

போலி வழிகள் வேண்டா

'முதலாம் இடத்தைப் பெற்றுத் தருகின்றோம். பணம் தாருங்கள்' என்று கூவுவோர் பலர் உளர். அவர்களிடம் எச்சரிக்கை வேண்டும். இயல்பான தேடல் விடைகளில் மேலிடம் தருவதற்குக் கூகுள் பணம் பெறுவதில்லை. பணம் செலுத்தியவை விளம்பரம் என்னும் குறியோடு தனியே காட்டப்படுகின்றன. ஒரே சொல்லை ஐம்பது முறை அடுக்குவதும், வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக ஒளித்து வைப்பதும், இணைப்புகளை விலைக்கு வாங்குவதும் பொறியை ஏமாற்றும் சூழ்ச்சிகள். கண்டுபிடிக்கப்பட்டால் பக்கம் பின்தள்ளப்படும். சில வேளை ஏட்டிலிருந்தே நீக்கப்படும். பக்கத்தின் உள்ளே மறைவாகத் திறவுச்சொற் பட்டியல் எழுதும் பழைய முறையைத் தான் கணக்கில் எடுப்பதில்லை என்று கூகுள் 2009 இலேயே அறிவித்துவிட்டது. பிறர் எழுதியதைப் பிரதி செய்து இடுவதும் பயன் தராது. தன் பக்கம் ஏட்டிற் பதிவாயிற்றா, எச்சொல்லைத் தேடி வாசகர் வந்தனர் என்பவற்றை அறிய விரும்புவோர்க்குக் கூகுளே 'சேர்ச் கொன்சோல்' என்னும் இலவசக் கருவியைத் தருகின்றது. புதிய பக்கம் தெரியவரச் சில நாட்களோ வாரங்களோ ஆகலாம், பொறுமை வேண்டும். மலைச்சரிவுகளில் தொலைபேசிச் சமிக்ஞை நலிந்திருப்பதால், பாரமான படங்களைக் குறைத்து, கைத்தொலைபேசியில் விரைவாகத் திறக்குமாறு பக்கத்தை அமைத்தலும் அவசியம்.

யாருக்காக இம்முயற்சி?

இவ்வளவும் வெறும் புகழுக்காகவா என்று சிலர் வினவக்கூடும். இல்லை. 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் முடிவாயிற்று. அதன் விளைவாக ஒரே லயத்தில் வாழ்ந்த அண்ணனும் தம்பியும் இரு நாட்டினராயினர். தலைமன்னாரிற் கப்பலேறிச் சென்றோரிற் பலர் கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடியும் தேயிலைச் செடியின் அருகே குடியேறினர். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று கல்லூரிகளிற் பயில்கின்றனர். தம் பாட்டி சொன்ன ஊர் எங்கே இருக்கின்றது என்று அவர்கள் தேடுகின்றனர்.

தேடுவதற்கு அவர்கள் கையில் இருப்பவை எவை? தோட்டத்தைப் பாட்டி அழைத்த பெயர், ஒரு கங்காணியின் பெயர், சந்தைக்குச் சென்ற நகரத்தின் பெயர், கும்பிட்ட சாமியின் பெயர் ஆகியவை மாத்திரமே. தோட்டங்களுக்கு ஏட்டில் ஒரு பெயரும் மக்கள் நாவில் ஒரு பெயரும் வழங்குவது மலையக வழக்கம். ஏட்டுப் பெயர் எப்படியும் எங்கேனும் பதிவாகிவிடும். நாவிலுள்ள பெயரை அறிந்த முதியோர் மறைந்தால் அப்பெயரும் அவர்களோடு மறையும். அப்பெயரை இன்று ஒரு மாணவி தன் கட்டுரையில் எழுதி வைத்தால், கடல் கடந்த ஒரு குடும்பம் தன் வேரைக் கண்டுகொள்ளக்கூடும்.

மற்றொரு காரணமும் உண்டு. அண்மைக் காலமாகத் தேடுபொறிகள் பக்கங்களின் பட்டியலைத் தருவதோடு அமையாமல், பல பக்கங்களைச் செயற்கை நுண்ணறிவாற் படித்து, விடையொன்றைத் தாமே சுருக்கி மேலே வைக்கின்றன. தேயிலைத் தோட்டத்து வாழ்க்கையைப் பற்றிக் கேட்பவருக்கு அவ்விடை எவருடைய எழுத்திலிருந்து தொகுக்கப்படும்? நம் எழுத்து அகப்படாத இடத்தில், பாலத்தைப் படம்பிடித்துச் சென்றவரின் எழுத்தே நமக்காகப் பேசும்.

ஒரு சிறு எச்சரிக்கை: கண்டெடுக்கப்படும் எழுத்து எல்லோராலும் கண்டெடுக்கப்படும். உயிரோடிருப்பவரின் அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி எண், பிள்ளைகளின் புகைப்படம் முதலியவற்றை அவரவர் சம்மதமின்றி வெளியிடுதல் கூடாது.

மாணாக்கருக்கு நாம் ஒரு பணியை முன்வைக்கின்றோம். வரும் விடுமுறையில் ஒரு தோட்டத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள். தாத்தாவையும் அப்பாயியையும் அருகிலிருத்திக் கேளுங்கள். தோட்டத்தின் எல்லாப் பெயர்களும், டிவிசன்களின் பெயர்களும், பாடசாலையும் கோயிலும் தொடங்கிய காலமும், அருகிலுள்ள நகரமும் அதில் இடம்பெறட்டும். ஒருங்குறியில் எழுதுங்கள், தெளிவான தலைப்பிடுங்கள், அயல் தோட்டத்து நண்பன் எழுதிய பக்கத்தைச் சுட்டுங்கள். பெற்றோர் அதை ஒருமுறை வாசித்துப் பிழை திருத்தித் தரட்டும். பதுளையிலிருந்து பசறை, மடுல்சீமை, அப்புத்தளை வரை தோட்டத்துக்கு ஒரு பக்கம் எழுந்தாற்கூட, ஊவாவின் கதையை ஊவாவின் மக்களே உலகுக்குச் சொன்னவர்களாவர். கூடலூரிலிருந்து எவரோ ஒருவர் தேடும்போது, நம் வீட்டுக் கதவு திறந்திருக்கட்டும்.